சர்ச் ஸ்ட்ரீட்டில் ஓர் அழுத்தம், பிரிகேட் ரோட்டில் வேறோர் அழுத்தம்

இரண்டு சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பொருளுக்குப் பெயராகும்போது, அவை சேர்ந்துவிட்டன என்பதைக் கேட்பவருக்கு உணர்த்த ஒவ்வொரு மொழியும் ஏதேனும் ஓர் அடையாளத்தை வைத்திருக்கிறது. தமிழில் அந்த அடையாளம் பெரும்பாலும் சொல்லும் சொல்லும் முட்டும் இடத்திலேயே அமைகிறது. ‘மருந்து கடை’ என்பது மருந்தைக் கடையச் சொல்லும் ஏவலாகவும், ‘மருந்துக்கடை’ என்பது மருந்து விற்கும் இடமாகவும் பொருள்படுவதற்கு இடையில் மிகுந்த ககர ஒற்றைத் தவிர வேறு காரணம் இல்லை. (கடைப் பலகைகள் இந்த ஒற்றைக் கைவிட்டு நெடுநாளாகிறது என்பதும், அதன்படி பார்த்தால் தெருவுக்குத் தெரு மருந்து கடையும்படி கட்டளை தொங்குகிறது என்பதும் வேறு கதை.) ஆங்கிலத்தில் எழுத்தை நம்பிப் பயனில்லை. ‘சாஃப்ட்வேர்’ ஒரே சொல்லாகவும், ‘செக்-இன்’ நடுவில் சிறுகோட்டுடனும், ‘டிராஃபிக் லைட்’ இடைவெளி விட்டு இரண்டு சொற்களாகவும் எழுதப்பட்டாலும் மூன்றும் கூட்டுப்பெயர்களே. அவற்றின் மூட்டு தெரிவது குரலில்தான். எந்தச் சொல்லின் மேல் அழுத்தம் விழுகிறது, ஒலிகள் எந்த இடத்தில் அசைகளாகப் பிரிகின்றன என்ற இரண்டிலும்தான் ஆங்கிலத்தின் புணர்ச்சி இலக்கணம் இருக்கிறது.

அசை என்ற சொல்லுக்கு இங்கே சிறு விளக்கம் தேவைப்படுகிறது. யாப்பிலக்கணத்தில் ‘மழை’ என்பது குறிலிணையாதலால் ஒரே நிரையசை; ஒலியியலாரோ ஓர் உயிரொலியைக் கருவாகக் கொண்டு அதன் முன்னும் பின்னும் மெய்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒலித்துண்டையே அசை என்பதால், அவர்கள் கணக்கில் அதே சொல் ம-ழை என இரண்டு அசை. இக்கட்டுரையில் வருவது பின்னதாகிய பொருள். அழுத்தம் என்பது ஓர் அசையை அண்டை அசைகளைவிடச் சற்று உரத்தும் நீட்டியும், குரலின் சுருதியை ஏற்றியும் ஒலிப்பதாகும். தமிழிலும் கன்னடத்திலும் இதனால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, ஆங்கிலத்தில் மாறுகிறது. ‘பிளாக்’ என்ற முதற்சொல்லில் அழுத்தம் விழுந்தால் வகுப்பறைக் கரும்பலகை. ‘போர்டு’ மேல் விழுந்தால் கறுப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை. வகுப்பறைப் பலகைக்குப் பச்சை வண்ணம் பூசிய பின்னும் முதற்சொல் அழுத்தத்தோடு அதை ‘பிளாக்போர்டு’ என்று சொல்ல முடிவது, அது நிறத்தைக் குறிக்கும் தொடராக இல்லாமல் ஒரு பொருளின் பெயராகிவிட்டதால்தான். நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968-இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் பேட்டர்ன் ஆஃப் இங்கிலிஷ்’ என்ற நூல் இதை முறையான விதியாக வகுத்தது: சாதாரணத் தொடரில் கடைசிச் சொல்லுக்கு அழுத்தம், கூட்டுப்பெயரில் முதற்சொல்லுக்கு அழுத்தம்.

விதி இவ்வளவு எளிதாக நின்றுவிட்டால் இதைப் பற்றி எழுத அதிகம் இருக்காது. அது எங்கே வளைகிறது என்பதை அறிய, உலகில் வேறெங்கும் போக வேண்டாம், பெங்களூருவின் கண்டோன்மெண்ட் பகுதியில் தெருப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலேயப் படை 1809-இல் இங்கே இடம் மாறியபோது தோன்றிய இந்தப் படைவீட்டு நகரம், தமிழ் பேசும் சிப்பாய்களையும் வணிகர்களையும் கூலித் தொழிலாளர்களையும் அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் குடியமர்த்தியதோடு, தெருக்கள் பலவற்றுக்கும் ஆங்கிலக் கூட்டுப்பெயர்களைச் சூட்டியது. சர்ச் ஸ்ட்ரீட், கமர்ஷியல் ஸ்ட்ரீட் என ‘ஸ்ட்ரீட்’ என்று முடியும் பெயர்களில் ஆங்கிலேயர் முதற்சொல்லை அழுத்துவர். ‘ஸ்ட்ரீட்’ தணிந்து ஒலிக்கும். அடுத்த திருப்பத்தில் இருக்கும் பிரிகேட் ரோடு, ரெசிடென்சி ரோடு ஆகியவற்றில் அழுத்தம் ‘ரோடு’ மேல் ஏறிவிடும். கப்பன் பார்க்கிலும் அப்படியே, ‘பார்க்’தான் உரத்து ஒலிக்கும். அவென்யூ, லேன், ஸ்கொயர் என எது வந்தாலும் அழுத்தம் பின்சொல்லுக்கே போக, ‘ஸ்ட்ரீட்’ மட்டும் தனி வழக்கு வைத்திருக்கிறது. ஊருக்குள் தெருவென்றாலே ‘ஸ்ட்ரீட்’ என்று எதிர்பார்க்கப்பட்டதால், அந்தச் சொல் புதிய செய்தி எதையும் தராமல் குரலில் தாழ்ந்துவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. அழகான விளக்கம், ஆனால் இதே தர்க்கத்தை நீட்டினால் ‘ரோடு’ம் எப்போதோ தாழ்ந்திருக்க வேண்டும் என்ற ஐயம் எழாமல் இல்லை. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்மண்ட் டவுன் என்று கண்டோன்மெண்டைச் சுற்றி வளர்ந்த ‘டவுன்’களுக்கு எந்த அழுத்தம் என்று கேட்டால் விதி கைவிரித்துவிடுகிறது. லண்டனின் காம்டன் டவுனில் அழுத்தம் பின்சொல்லில். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் முதற்சொல்லில். பெயர் வைத்தவர்களின் வாய்வழக்கு எதுவோ அதுவே இலக்கணம்.

லால்பாக்கில் இதைவிட நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு நிற்கிறது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸை முன்மாதிரியாகக் கொண்டு, 1889-இல் அடிக்கல் நாட்டி இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய ‘கிளாஸ் ஹவுஸ்’, குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் இடமாதலால் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு பொருளால் ஆனது என்ற உறவு இருந்தால் ஆங்கிலம் பின்சொல்லை அழுத்தும். எனவே ‘ஹவுஸ்’ மேல் அழுத்தம் வைத்தால் கண்ணாடியால் கட்டிய வீடு. ‘கிளாஸ்’ மேல் அழுத்தம் வைத்தால் செடி வளர்ப்பதற்கென்று அமைக்கும் பசுங்குடில். அது ஒரு வகையின் பெயர். லால்பாக் கட்டடத்துக்கு இரண்டு பொருளும் பொருந்தி வருகின்றன. இடைவெளி விட்டு எழுதிய பலகை எந்தப் பொருளையும் தடுக்கவில்லை. கன்னடத்தில் இந்த ஐயத்துக்கே இடமில்லை; ‘காஜின மனெ’ என்ற பெயரில் வரும் ‘இன’ என்னும் உருபு கண்ணாடியினுடைய வீடு என்று வெளிப்படையாகச் சொல்லி முடித்துவிடுகிறது. ஆங்கிலம் குரலில் வைப்பதைக் கன்னடம் உருபில் வைக்கிறது. கேக்கும் ஜூஸும் இந்த ‘ஆனது’ விதிக்கு விலக்கு. ஆப்பிள் பை என்ற பண்டத்தில் ‘பை’ அழுத்தம் பெறும். ஆப்பிள் ஜூஸிலும் பேக்கரியில் விற்கும் பிளம் கேக்கிலும் பழத்தின் பெயரே அழுத்தம் பெறும். ஏன் என்பதற்கு நிறைவான விடை இல்லை.

தொகைச்சொற்களைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியம் எழுப்பும் கேள்வி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. தொகைகள் எல்லாம் ஒரே சொல்லைப் போல நடப்பன என்று விதிக்கும் எச்சவியல், அவற்றின் பொருள் முன்மொழியில் நிற்கிறதா, பின்மொழியில் நிற்கிறதா, இரண்டிலும் நிற்கிறதா, இரண்டுக்கும் வெளியே நிற்கிறதா என்றும் பிரித்துப் பார்க்கிறது. இந்த அளவுகோலை ஆங்கிலத்துக்கு வைத்தால் ஒரு முரண் வெளிப்படும். சர்ச் ஸ்ட்ரீட் என்பது ஒரு தெருவே தவிரத் தேவாலயம் அன்று; பொருள் பின்மொழியில் நிற்கிறது, குரலோ முன்மொழியில் ஏறி நிற்கிறது. தலைமைச் சொல் தாழ்ந்து ஒலிக்க, அதை வேறுபடுத்திக் காட்டும் அடைச்சொல் உயர்ந்து ஒலிப்பதே ஆங்கிலக் கூட்டுப்பெயரின் இயல்பு.

குரல் இடம் மாறினால் தொகையின் வகையே மாறும் என்பது இந்திய மரபுக்குப் புதிய செய்தியும் அன்று. வேத இலக்கியத்தில் வரும் துவஷ்டாவின் கதையை இலக்கணிகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பதஞ்சலியின் மகாபாஷ்யமும் அதைக் குறிப்பிடுகிறது. தன் மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க வேள்வி செய்த துவஷ்டா, ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லின் கடைசி அசையில் சுரத்தை ஏற்றியிருந்தால் அது ‘இந்திரனைக் கொல்பவன்’ என்ற தத்புருஷத் தொகையாகியிருக்கும். முதற்சொல்லில் ஏற்றிவிட்டதால் ‘இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன்’ என்ற அன்மொழித்தொகையாகி, வேள்வியில் பிறந்த விருத்திரன் இந்திரனாலேயே மாண்டான். ஒலிப்புப் பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனை வேறு எந்த மொழியின் இலக்கண நூலிலும் இருக்குமா என்பது ஐயமே.

அழுத்தத்தை அடுத்து அசைப்பிரிப்பு. ஆங்கிலச் சொல் ஒன்றில் இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய்கள் வந்தால், சொல்லின் தொடக்கத்தில் எந்த மெய்க்கூட்டம் வரலாமோ அதைக் கூடுமானவரை அடுத்த அசைக்குத் தள்ளுவது பலர் ஏற்கும் முறை. ‘நைட்ரேட்’ என்ற வேதிப்பொருளின் பெயரில் டகரமும் ரகரமும் சேர்ந்து நை-ட்ரேட் என்று இரண்டாம் அசையைத் தொடங்குவது இதனால்தான். இரவு நேரக் கட்டணமாகிய ‘நைட் ரேட்’ கூட்டுப்பெயரானதால் அங்கே இந்தத் தள்ளல் நடக்காது. சொல்லின் எல்லை அணைபோல் நின்று டகரத்தை முதல் அசையிலேயே அடைத்துவிடும். அடைபட்ட டகரம் தனக்கு முந்திய உயிரைச் சற்றுக் குறுக்கிவிடும்; தானும் முழுமையாக வெடிக்காது. எழுத்தொலிகள் ஒன்றே, வரிசையும் ஒன்றே, ஆனாலும் காது இரண்டையும் பிரித்தறிகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஒலியியல் பேராசிரியர் ஜான் வெல்ஸ், 1990-இல் வெளியிட்ட ‘லாங்மன் ப்ரொனன்சியேஷன் டிக்‌ஷனரி’யில் சொற்களுக்கெல்லாம் அசைப்பிரிப்பைக் காட்டியபோது, மூட்டு உள்ள சொல்லில் மூட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற கொள்கையைக் கைக்கொண்டார். சிப்பி, நண்டு வகைகளைக் குறிக்கும் ‘ஷெல்ஃபிஷ்’ ஷெல்-ஃபிஷ் என்றும், தன்னலத்தைக் குறிக்கும் ‘செல்ஃபிஷ்’ செல்ஃப்-இஷ் என்றும் பிரிவதைக் காட்டி, முன்னதில் லகரம் நீள்வதும் பின்னதில் குறுகுவதும் இதனால்தான் என்று அவர் விளக்கினார்.

இந்த அணை பெங்களூருவில் உடைவது தமிழரும் கன்னடரும் சேர்ந்து செய்த வேலை. இரு மொழிகளும் வல்லின மெய்யில் சொல்லை முடிக்க விரும்பாதவை. தமிழ் குற்றியலுகரத்தைச் சேர்த்து ரோடு, போர்டு, மார்க்கெட்டு என்னும்; கன்னடமும் பஸ்ஸு, காரு, ரோடு என்று உயிரில் கொண்டுபோய் நிறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டே அசையுள்ள சர்ச் ஸ்ட்ரீட், சர்ச்-சு-ஸ்ட்ரீட்-டு என நான்கு அசையாகிறது. உருது பேசும் சிலர் நாவில் முன்னால் ஓர் இகரமும் சேர்ந்து ‘இஸ்ட்ரீட்டு’ ஆகும்போது கணக்கு ஐந்துக்குப் போகிறது. இதில் நகைக்க ஒன்றுமில்லை. சகரம், டகரம், ரகரம் என மெய்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்த மூட்டை, தன் மொழிக்கு இயல்பான உயிரைக் கொண்டு நெகிழ்த்துவது எந்த நாவும் செய்யக்கூடியதே.

இரட்டித்தலில் நிலைமை தலைகீழ். ஆங்கில எழுத்தில் ‘காஃபி’, ‘சம்மர்’ போன்ற சொற்களில் மெய்யெழுத்து இரட்டித்து எழுதப்பட்டாலும் ஒலிப்பில் ஒன்றே உண்டு. எழுத்தைப் பார்த்துப் படித்த இந்திய நாக்கு அங்கே இரண்டையும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் மெய் உண்மையிலேயே இரட்டித்து ஒலிப்பது சொல்லும் சொல்லும் சேரும் மூட்டுகளில்தான்: புத்தக அலமாரியைக் குறிக்கும் ‘புக்கேஸ்’ நடுவில் வரும் இரண்டு ககரம், விளக்குக் கம்பமாகிய ‘லாம்ப்போஸ்ட்’ நடுவில் வரும் இரண்டு பகரம், ‘பஸ் ஸ்டாண்ட்’ நடுவில் வரும் இரண்டு ஸகரம். மருந்துக்கடையின் ககரத்தைப் பிசகாமல் ஒலிக்கத் தெரிந்த தமிழருக்கு ‘புக்கேஸ்’ கைவந்த கலையாக இருக்க வேண்டும். பெங்களூருவின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக்குக்கு வழி கேட்கும்போது மட்டும் அவர் நாக்கு ஏனோ ‘பஸ்டாண்டு’ என்று ஓர் ஒற்றை உதிர்த்துவிடுகிறது.

மூட்டே தேய்ந்து மறைந்துபோன கூட்டுப்பெயர்களும் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. தஞ்சாவூர் தஞ்சையாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் மருவியது போல, ‘கப்’பும் ‘போர்டு’ம் சேர்ந்த அலமாரிப் பெயர் ஆங்கிலேயர் நாவில் பகரத்தை இழந்து ‘கபர்டு’ ஆகிவிட்டது. ‘பிரேக்ஃபாஸ்ட்’ ‘பிரெக்ஃபஸ்ட்’ ஆனதும் இந்த மரூஉ வகையே. எழுத்து மட்டும் பழைய மூட்டைக் காப்பாற்றி வைத்திருப்பதால், எழுத்தின் வழியாக ஆங்கிலம் கற்றவர்கள் ‘கப்போர்டு’ என்று சொல்லி, ஆங்கிலேயரே மறந்துவிட்ட சொற்பிறப்பை உயிரோடு வைத்திருக்கிறார்கள். தபால்காரரைக் குறிக்கும் சொல்லின் ‘மேன்’ ஆங்கிலத்தில் ‘மன்’ என்று நலிந்து ஒலிக்க, இந்திய ‘போஸ்ட்மேன்’ முழு உயிரோடு வருவதும் இதே காரணத்தால். வொயிட்ஃபீல்டு இன்னும் தேயவில்லை. மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியரின் குடியேற்றத்துக்காக 1882-இல் வழங்கிய நிலத்தில் உருவாகி, அந்தச் சமூகத்தின் தலைவர் டேவிட் இமானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வொயிட் என்பவரின் பெயரைத் தாங்கும் அவ்வூர், நிறத்தைக் குறிப்பதன்று என்பது தெரியாதவர்களும் அதை ஒரே சொல்லாகவே சொல்கிறார்கள்.

அச்சுத் தொழிலில் அசைப்பிரிப்புக்கு வேறொரு பயன் உண்டு. வரி முடிவில் இடம் போதாமல் சொல்லை உடைக்கும்போது எங்கே உடைப்பது என்ற கேள்வி அது. பெங்களூரு, சென்னை, புதுச்சேரி ஆகிய ஊர்களில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோத்துத் தரும் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்துவருவதால், இங்குள்ள மெய்ப்பு நோக்குவோர் பலருக்கு இது அன்றாடத் தலைவலி. கூட்டுப்பெயரை மூட்டில்தான் உடைக்க வேண்டும். மனிதக் கொலையைக் குறிக்கும் ‘மேன்-ஸ்லாட்டர்’ என்ற சொல்லை ஓர் எழுத்து தள்ளி உடைத்தால், எழுத்துக்கூட்டலின்படி அது ‘மேன்ஸ்-லாஃப்டர்’, அதாவது மனிதனின் சிரிப்பு, என்றாகிவிடும். கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனூத்திடம் ஆய்வு செய்த ஃபிராங்க் லியாங் 1983-இல் வகுத்த கணிப்பொறி வழிமுறை இத்தகைய பிழைகளைப் பெருமளவு குறைத்தது. ஆனாலும் எழுத்து வடிவத்தை மட்டுமே பார்க்கும் எந்தக் கருவிக்கும் மூட்டு எங்கே என்பது மனப்பாடமே.

எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் அழுத்தத்தில் வரும் சிக்கல் பள்ளியில் தொடங்குகிறது. தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1963-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டு, இன்று ஞானபாரதி வளாகத்தில் இயங்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம், ஒலியியலைப் பாடமாகவே வைத்திருக்கிறது. அங்கே பயிலவரும் ஒவ்வொருவரின் தொழிற்பெயரும் ஒரு சோதனைதான். ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்பதில் முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். ‘டீச்சர்’ மேல் அழுத்தினால் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர். இரண்டையும் சமமாக ஒலிப்பதே தென்னிந்திய வழக்கம். இங்கே அசைகள் ஏறக்குறைய ஒரே எடையோடு அடுக்கப்படுவதால், கேட்பவர் அழுத்தத்தைத் தேடாமல் சூழலைப் பார்த்துப் பொருள் கொள்கிறார். மண்டியாவிலோ மதுரையிலோ எவரும் அந்த ஆசிரியரை இங்கிலாந்துக்காரர் என்று எண்ணப்போவதில்லை. சிக்கல் எழுவது வெளிநாட்டுக் காதுகளிடம். ஐதராபாத்திலிருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால், இந்தியரின் ஆங்கிலம் பிற நாட்டவருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட நூலில், புரியாமைக்கான முக்கியக் காரணங்களுள் அழுத்தம் இடம் மாறுவதும் ஒன்று என்று காட்டினார்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூருவில் கால் சென்டர்கள் பெருகியபோது இந்த ஆராய்ச்சிக்குத் திடீரென்று சந்தை மதிப்பு உண்டாயிற்று. ‘உச்சரிப்பை நடுநிலைப்படுத்துதல்’ என்ற பெயரில் நடந்த பயிற்சிகளில் ரப்பர் பாண்டை இழுத்து அழுத்தமுள்ள அசை நீள்வதைக் காட்டும் முறையும் இருந்தது. அமெரிக்கரைப் போல நாவை வளைத்து ரகரத்தை ஒலிக்கப் பழக்குவதும் இருந்தது. இவற்றுள் முன்னதே பயனுள்ளது, பின்னது வெறும் வேடம் என்று கருத இடமுண்டு. முகம் தெரியாத தொலைபேசியில் ‘கால் சென்டர்’ என்ற பெயரையே முதற்சொல் அழுத்தத்தோடு சொல்லத் தெரிந்தவர், ரகரத்தைத் தம் ஊர்ப்படி ஒலித்தாலும் புரிந்துகொள்ளப்படுவார். வினையிலிருந்து பிறந்த பெயர்களிலும் இப்படியே: ஒரு தொழிலைத் தொடங்குவதைச் சொல்லும் ‘ஸ்டார்ட் அப்’ என்ற வினையில் ‘அப்’ அழுத்தம் பெறும், இந்நகரம் இன்று பெருமையோடு சுமக்கும் ‘ஸ்டார்ட்டப்’ என்ற பெயரில் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடும்.

நகரத்தின் பெயரும் ஒரு கூட்டுப்பெயரே. வேகவைத்த பயற்றைத் தின்ற ஹொய்சள மன்னன் இரண்டாம் வீர வல்லாளன் ‘பெந்தகாளூரு’ என்று பெயரிட்டான் என்பது கர்ண பரம்பரைக் கதை; அவனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, சுமார் 890-ஐச் சேர்ந்த பேகூர் நடுகல்லில் ‘பெங்களூரு’ என்ற பெயர் வந்துவிட்டது. முன்பாதி எதுவாயினும் பின்பாதி ஊர் என்பதில் கன்னடருக்கும் தமிழருக்கும் ஐயமில்லை. ஆங்கிலேயர் காதில் அந்த மூட்டு விழவில்லை; அவர்கள் பாங்-க-லோர் என்று மூன்றசையாக்கி, ஊர் இருந்த இடமாகிய கடைசி அசையில் அழுத்தத்தை வைத்தார்கள். அதன் பின்னால் வேறொரு பெயர் வந்து சேர்ந்தால் தாளத்துக்காக அழுத்தம் ‘பாங்’குக்குத் தாவும். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றிய கேப்டன் மக்ளிண்டாக் 1912-இல் இந்நகரில் உருவாக்கி, 1944-இல் நார்மண்டிக் கடற்கரையின் முள்வேலிகளைத் தகர்க்கப் பயன்பட்ட ‘பாங்களூர் டார்பிடோ’ என்ற நீண்ட குழாய் வெடியின் பெயரில் இந்தத் தாவலைக் கேட்கலாம். 2014 நவம்பர் 1 முதல் அரசு ஆவணங்களில் நகரம் ‘பெங்களூரு’ என நான்கு அசைக்குத் திரும்பிவிட்டது. உலகப் படைகளின் கையேடுகளில் டார்பிடோ இன்னும் பழைய மூன்றசைப் பெயரோடுதான் இருக்கிறது.